ஜென்கின்ஸில் பச்சை, கிளஸ்டரில் பழைய வெர்ஷன்: ஆர்கோ சிடி இணைப்புச் சிக்கல்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஜென்கின்ஸும் ஆர்கோ சிடியும் அடிப்படை அமைப்பில் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் தேடும் நேரத்தில் பாதி மிச்சமாகும். ஜென்கின்ஸ் சோர்ஸ் கோடை (code) பில்ட் செய்து, டாக்கர் இமேஜாக்கி, இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுகிறது. அப்புறம் கிளஸ்டரில் என்ன ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் மேனிஃபெஸ்ட் ரெப்போவில் இருக்கும் யாம்ல் ஃபைலில் இமேஜ் டேக்கை (வெர்ஷனைக் குறிக்கும் பெயர்) மாற்றி கமிட் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நெட்டிஸ் கிளஸ்டருக்குள் இருக்கும் ஆர்கோ சிடி அந்த ரெப்போவைப் பார்த்து, மாறியிருப்பதைக் கிளஸ்டரில் கொண்டுவருகிறது. நடுவில் இருக்கும் கிட் ரெப்போ தபால் பெட்டி மாதிரி. போட்டவருக்கு எடுத்தவரைத் தெரியாது.

இரண்டு கருவிகளும் பிறந்த காலமே வேறு. கோசுகே கவாகுச்சி 2004-இல் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியதுதான் 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. கட்டளையை ஓட்டு, அது பூஜ்யம் திருப்பினால் வெற்றி என்பது அதன் கணக்கு. ஆர்கோ சிடி 2018-இல் இன்ட்யூட் நிறுவனத்திலிருந்து வந்தது. கிட்டில் எழுதியிருப்பதும் கிளஸ்டரில் ஓடுவதும் ஒன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி. ஆகவே ஒன்றின் 'வெற்றி' மற்றதன் 'வெற்றி'க்குச் சாட்சி ஆகாது. இந்த இணைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று இடங்களில் டேக் என்னவென்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் புதிய டேக் இருக்கிறதா? மேனிஃபெஸ்ட் ரெப்போவில், சரியான பிராஞ்சில், அந்த டேக் எழுதப்பட்டிருக்கிறதா? கிளஸ்டரில் ஓடும் பாட்டில் (pod, கன்டெய்னர் ஓடும் அலகு) எந்த இமேஜ் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் இடையே அறுந்திருந்தால் கோளாறு ஜென்கின்ஸ் பக்கம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே என்றால் ஆர்கோ சிடி அல்லது குபர்நெட்டிஸ் பக்கம். இதைப் பார்க்காமல் ஜென்கின்ஸ் லாக்கை மேலிருந்து கீழே படிப்பதில் பயனில்லை.

பில்ட் பச்சை, ரெஜிஸ்ட்ரியில் இமேஜ் இருக்கிறது, மேனிஃபெஸ்ட் ரெப்போவில் டேக் மாறவில்லை

அதிகம் அடிபடும் அறிகுறி இதுதான். டேக்கை மாற்றும் ஸ்டேஜில், ஃபைலில் எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை பயன்படுத்தியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். செட் கட்டளை தேடிய வரி கிடைக்கவில்லை என்றாலும் பிழை சொல்லாது. ஃபைலை அப்படியே விட்டுவிட்டு பூஜ்யம் திருப்பும். யாரோ இமேஜ் வரிக்கு மேற்கோள்குறி போட்டிருப்பார்கள், அல்லது ரெஜிஸ்ட்ரியின் முகவரி மாறியிருக்கும். வடிவம் பொருந்தாது. ஜென்கின்ஸுக்கு எல்லாம் நலம்.

இங்கே இன்னொரு பாதுகாப்பு வளையம் இருந்திருக்க வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாமல் கமிட் கொடுத்தால் 'நத்திங் டு கமிட்' என்று சொல்லி கிட் 1 என்ற எண்ணைத் திருப்பும், பைப்லைன் சிவப்பாகும். ஆனால் அதே பில்டை மறுபடி ஓட்டும்போது இது தொந்தரவாக இருக்கிறதென்று, கமிட் வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக் கோடும் 'ட்ரூ'வும் சேர்த்திருப்பார்கள். அந்தச் சின்னச் சேர்க்கைதான் உண்மையான பிழையையும் விழுங்கிவிடுகிறது. ஜென்கின்ஸ்ஃபைலில் இதைக் கண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

அதன் இடத்தில், எழுதிய பிறகு ஃபைலிலிருந்து டேக்கைத் திரும்பப் படித்து, எழுத நினைத்த டேக்கோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் ஸ்டேஜ் விழட்டும். ஒன்றாக இருந்து கமிட் செய்ய எதுவும் இல்லையென்றால் அது மறு ஓட்டம்தான், தாராளமாகத் தாண்டிப் போகலாம். செட் கட்டளைக்குப் பதிலாக யாம்லின் அமைப்பைப் புரிந்துகொண்டு மாற்றும் ஒய்கியூ போன்ற கருவியை வைத்துக்கொள்வது மேல்.

சூழலுக்கேற்ப யாம்லை மாற்றித் தரும் கஸ்டமைஸ் (kustomize) கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதன் வேறொரு வடிவம் வரும். இமேஜை மாற்றும் கஸ்டமைஸ் கட்டளையில் கொடுக்கும் இமேஜ் பெயர், டிப்ளாய்மென்ட் யாம்லில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கஸ்டமைசேஷன் ஃபைலில் புதிதாக ஒரு பதிவு மட்டும் சேரும், கமிட்டும் ஆகும், புஷ்ஷும் ஆகும். பில்ட் செய்து பார்த்தால் வெளிவரும் யாம்லில் பழைய டேக்தான் நிற்கும். அதனால் கஸ்டமைசேஷன் ஃபைலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கஸ்டமைஸ் பில்டை ஓட்டி, வெளிவருவதைப் பாருங்கள்.

டேக் மாற்றும் ஸ்டேஜில் கிட் புஷ் விழுகிறது

காரணங்கள் பல, ஆனால் லாக்கின் கடைசி வரியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

'யூ ஆர் நாட் கரன்ட்லி ஆன் எ பிராஞ்ச்' என்று வந்தால், ஜென்கின்ஸின் கிட் ப்ளகின் எந்த பிராஞ்சிலும் நிற்காமல் ஒரு குறிப்பிட்ட கமிட்டை மட்டும் செக்அவுட் செய்திருக்கிறது. அதன் இயல்பே அதுதான். புஷ் செய்யும்போது, இப்போதைய ஹெட்டை மெயின் பிராஞ்சுக்கு அனுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

'நான் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' என்று நிராகரித்தால், இரண்டு பில்ட்கள் ஒரே நேரத்தில் ஒரே ரெப்போவுக்குப் புஷ் செய்திருக்கின்றன. பத்துப் பதினைந்து சர்வீஸ்களுக்கு ஒரே மேனிஃபெஸ்ட் ரெப்போ வைத்திருக்கும் குழுக்களில் இது தினசரி நடக்கும். ரீபேஸுடன் புல் செய்து மறுபடி புஷ் செய்வதை ஒரு சுற்றுக்குள் போட்டு, சில முறை முயலச் சொல்லுங்கள். ஃபோர்ஸ் புஷ் மட்டும் கூடவே கூடாது. அடுத்த சர்வீஸின் டேக் மாற்றத்தை அது சத்தமில்லாமல் அழித்துவிடும். அவர்கள் வந்து கேட்கும்போது வரலாற்றிலும் தடயம் இருக்காது.

'டூபியஸ் ஓனர்ஷிப்' என்ற பிழை, பில்டை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டும் ஏஜென்ட்களில் வரும். வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டரின் உரிமையாளர் ஒருவர், கன்டெய்னருக்குள் கிட்டை ஓட்டுகிறவர் வேறொருவர். 2022-இல் வந்த கிட் 2.35.2 முதல் பாதுகாப்புக்காக இந்தச் சோதனை இருக்கிறது. கன்டெய்னரை சரியான யூசர் ஐடியில் ஓட்டுவது முறையான தீர்வு. முடியாவிட்டால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேஃப் டைரக்டரியாகச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டருக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' வந்தால் ஏஜென்ட் இமேஜ் எப்போது கட்டப்பட்டது என்று பாருங்கள். கிட்ஹப் தனது ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை 2023 மார்ச் 24 அன்று மாற்றியது. அதற்கு முன் கட்டிய ஏஜென்ட் இமேஜ்களுக்குள் பழைய கீ பதிந்திருக்கும். அதேபோல் கிட்ஹப்பில் பாஸ்வேர்டு கொடுத்துப் புஷ் செய்வது 2021 ஆகஸ்ட் 13-இலேயே நின்றுவிட்டது. பழைய கிரெடென்ஷியல் இன்னும் ஜென்கின்ஸில் கிடந்தால் டோக்கனுக்கோ டிப்ளாய் கீக்கோ மாற்றுங்கள். டிப்ளாய் கீக்கு எழுதும் அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

டோக்கன் சரியாக இருந்தும் ஜென்கின்ஸ் வழியாகப் போனால் மட்டும் நிராகரிக்கப்படுகிறது என்றால், ஜென்கின்ஸ்ஃபைலில் அந்த வரி எந்த மேற்கோள்குறிக்குள் இருக்கிறது என்று பாருங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் ரகசியத்தின் மதிப்பை ஜென்கின்ஸ்ஃபைலின் மொழியான க்ரூவியே முதலில் வரியில் நிரப்பி, அதன் பிறகுதான் ஷெல்லிடம் கொடுக்கும். ரகசியத்துக்குள் டாலர் குறி இருந்தால் ஷெல் அதை வேரியபிள் என்று நினைத்துச் சிதைத்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதி, ஷெல்லே சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ரகசியம் வெளியே கசியாமல் இருக்கவும் அதுதான் வழி.

மேனிஃபெஸ்ட் ரெப்போவில் புதிய டேக் இருக்கிறது, ஆர்கோ சிடி அசையவில்லை

முதலில் கொஞ்சம் பொறுங்கள். வெப்ஹுக் (புதிய கமிட் வந்ததும் கிட் சர்வர் அனுப்பும் அறிவிப்பு) வைக்காவிட்டால் ஆர்கோ சிடி ரெப்போவை இடைவெளி விட்டுத்தான் எட்டிப் பார்க்கும். இயல்பான அமைப்பில் அது மூன்று நிமிடம் வரை ஆகலாம். ஆப் பக்கத்தில் ரீஃப்ரெஷ் அழுத்தியதும் புதிய கமிட் தெரிந்தால் அது கோளாறே இல்லை, தாமதம் மட்டும்தான். அதற்கு வெப்ஹுக் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ரீஃப்ரெஷ் செய்தும் தெரியவில்லையா? எந்த ரெப்போவைப் பார்ப்பது என்று ஆர்கோ சிடிக்குச் சொல்லும் பதிவான ஆப்ளிகேஷனின் டார்கெட் ரிவிஷனையும் (பார்க்கும் பிராஞ்ச்) பாத்தையும் (பார்க்கும் ஃபோல்டர்) படியுங்கள். ஜென்கின்ஸ் மெயினில் எழுதுகிறது, ஆர்கோ சிடி வேறொரு ரிலீஸ் பிராஞ்சைப் பார்க்கிறது. அல்லது ஜென்கின்ஸ் ஸ்டேஜிங் வேல்யூஸ் ஃபைலை மாற்றுகிறது, ஆப்ளிகேஷன் புரொடக்‌ஷன் ஃபைலை வாசிக்கிறது. பிராஞ்ச் பெயரை மாஸ்டரிலிருந்து மெயினுக்கு மாற்றிய ரெப்போக்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று இருக்கிறது. ஹெல்ம் சார்ட் (மதிப்புகளை நிரப்பி யாம்லை உருவாக்கும் தொகுப்பு) பயன்படுத்தும் ஆப்பில், ஏதோ ஓர் அவசர இரவில் யாரோ ஆர்கோ சிடியின் திரைக்குள் போய், பாராமீட்டர்ஸ் பகுதியில் இமேஜ் டேக்கைக் கையால் மாற்றியிருப்பார்கள். அந்த மதிப்பு ஆப்ளிகேஷனுக்குள்ளேயே பதிந்துவிடும். கிட்டில் இருக்கும் வேல்யூஸ் ஃபைலைவிட அதற்குத்தான் முன்னுரிமை. அதன்பின் ஜென்கின்ஸ் எத்தனை டேக் எழுதினாலும் ஆர்கோ சிடி புதிய கமிட்டைப் பார்க்கும், 'சிங்க்ட்' (கிட்டும் கிளஸ்டரும் ஒன்று) என்றும் காட்டும், டேக் மட்டும் அந்த இரவில் வைத்த இடத்திலேயே நிற்கும். ஆப்ளிகேஷனின் யாம்லைத் திறந்து, ஹெல்ம் பகுதியின் கீழே பாராமீட்டர்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள். ஆப்ளிகேஷன்களையே கிட்டில் வைத்து ஆர்கோ சிடியால் நிர்வகித்தால் இப்படி மறைவில் எதுவும் தங்காது. எந்தக் குழுவுக்கும் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

'சிங்க்ட்' என்கிறது, 'ஹெல்தி' என்கிறது, கோடு பழையது

டேக் 'லேட்டஸ்ட்' என்று வைத்திருந்தால் இங்கேயே விடை கிடைத்துவிட்டது. யாம்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அப்படியிருக்க ஆர்கோ சிடி என்ன செய்யும்? ரெஜிஸ்ட்ரிக்குள் இமேஜ் மாறியதைப் பார்ப்பது அதன் வேலையில்லை. 1.4 போல ஒரே டேக்கின்மேல் மறுபடி மறுபடி புஷ் செய்தாலும் இதே கதைதான். கூடவே இன்னொரு சிக்கலும் சேரும். லேட்டஸ்ட் அல்லாத டேக்குகளுக்குக் குபர்நெட்டிஸின் இயல்பான கொள்கை, நோடில் (கிளஸ்டரின் ஓர் இயந்திரம்) ஏற்கெனவே இருந்தால் இழுக்காதே என்பது. ஆக ஒரு நோடில் பழைய கோடும் இன்னொரு நோடில் புதிய கோடும் ஒரே டேக்கில் ஓடும். பயனர் ஒருமுறை புதிய பக்கத்தையும் மறுமுறை பழைய பக்கத்தையும் பார்ப்பார்.

ஒவ்வொரு பில்டுக்கும் தனி டேக் கொடுங்கள். கிட் கமிட்டின் ஹாஷ் நல்ல தேர்வு. ஆனால் சுருக்கிய ஹாஷை ஹெல்ம் வேல்யூஸ் ஃபைலில் மேற்கோள் இல்லாமல் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ஹாஷ் தற்செயலாக எல்லாம் எண்களாக, உதாரணமாக 1234567 என்று அமைந்தால் யாம்ல் அதை எண்ணாக வாசிக்கும். ஹெல்ம் அதை அறிவியல் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றி, 1.234567-க்குப் பின்னால் ஓர் 'இ'யும் கூட்டல் குறியும் சேர்த்து டேக்காக எழுதிவிடும். எண்களுக்கு நடுவே ஒரே ஓர் 'இ' வரும் ஹாஷ்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அப்படி ஓர் இமேஜ் உலகில் இல்லை, பாட் எழாது. பல நாள் சரியாக ஓடிய பைப்லைன் ஒருநாள் காரணமில்லாமல் விழுந்து, அடுத்த கமிட்டில் தானாகச் சரியாகிவிட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். டேக்கை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜென்கின்ஸ் காத்திருக்க வேண்டிய ஸ்டேஜ் ஒரே நொடியில் பச்சையாகிறது

டிப்ளாய் முடியும்வரை ஜென்கின்ஸ் காத்திருக்கட்டும் என்று ஆர்கோ சிடியின் வெயிட் கட்டளையைச் சேர்த்திருப்பீர்கள். கமிட் புஷ் ஆன மறுநொடி அது ஓடும். அப்போது ஆர்கோ சிடிக்குப் புதிய கமிட் வந்ததே தெரியாது. தனக்குத் தெரிந்த பழைய கமிட்டை வைத்து 'சிங்க்ட், ஹெல்தி' என்று சத்தியமாகவே பதில் சொல்லும். ஜென்கின்ஸ் அதை ஏற்றுக்கொண்டு ஸ்மோக் டெஸ்டை (டிப்ளாய்க்குப் பின் செய்யும் முதல்கட்டச் சோதனை) ஓட்டும். அது பழைய வெர்ஷன்மேல் ஓடித் தேறும். டெஸ்டும் பச்சை. உண்மையான டிப்ளாய் இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கி, உடைந்துபோகும்.

எல்லாப் பக்கமும் பச்சை காட்டிக்கொண்டே தவறான நம்பிக்கையைத் தருவதால், இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து. தீர்வு எளிது. வெயிட்டுக்கு முன்னால் ரீஃப்ரெஷ்ஷுடன் ஆப்பின் நிலையைக் கேளுங்கள். அதில் வரும் ரிவிஷன், ஜென்கின்ஸ் இப்போது புஷ் செய்த கமிட்தானா, அல்லது அதற்குப் பிந்தையதா என்று ஒப்பிடுங்கள். ஆன பிறகே வெயிட். ஸ்மோக் டெஸ்டிலும் முதல் சோதனையாக, சர்வீஸ் தன் வெர்ஷனைச் சொல்லும் ஒரு முகவரியைக் கூப்பிட்டு, எதிர்பார்த்த ஹாஷ் வருகிறதா பாருங்கள். அந்த முகவரி இல்லாவிட்டால் ஒன்று எழுதச் சொல்லி டெவலப்பர்களைக் கேளுங்கள். சின்ன வேலை, பலன் பெரிது.

காத்திருந்து காத்திருந்து ஜென்கின்ஸ் டைம்அவுட் ஆகிறது

இப்போது மூன்றாவது இடத்துக்கு, அதாவது பாட்டுக்குப் போங்கள். 'இமேஜ்புல்பேக்ஆஃப்' என்றிருந்தால் பாட்டின் ஈவென்ட்களில் முழுக் காரணமும் இருக்கும். ரெஜிஸ்ட்ரிக்கு இமேஜை ஏற்ற ஜென்கின்ஸுக்கு இருக்கும் கிரெடென்ஷியல் வேறு, இறக்க கிளஸ்டருக்கு வேண்டிய கிரெடென்ஷியல் வேறு. புதிய நேம்ஸ்பேஸில் முதல்முறை டிப்ளாய் செய்யும்போது இரண்டாவதை மறந்திருப்பார்கள். டாக்கர் ஹப்பிலிருந்து இழுக்கும் இமேஜாக இருந்தால், 2020 நவம்பரிலிருந்து இழுக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரே ஐபி வழியாக வெளியே போகும் நோடுகள் அதைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று லாக்கில் வந்தால் பில்ட் ஏஜென்ட் ஏஆர்எம் இயந்திரத்தில் ஓடி, கிளஸ்டர் இன்டெல் வகை நோடில் இருக்கிறது, அல்லது நேர் எதிராக. ஏஜென்ட்களை மலிவான ஏஆர்எம் இயந்திரங்களுக்கு மாற்றிய பிறகு இது முளைக்கும். பில்ட் செய்யும்போதே பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பாட் நன்றாக ஓடியும் ஆப் 'புரோகிரஸிங்' நிலையிலேயே நிற்கிறதென்றால், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸைப் பாருங்கள். அதற்கு லோட்பேலன்சர் முகவரி கிடைக்கும்வரை ஆர்கோ சிடி அதை ஹெல்தி என்று சொல்லாது. சொந்த இயந்திரங்களில் ஓடும் கிளஸ்டர்களில் அந்த முகவரி நிரப்பப்படாமலேயே போகும். அப்படிப்பட்ட இடங்களில் இன்கிரஸுக்கான ஹெல்த் சோதனையை ஆர்கோ சிடியின் கான்ஃபிக் மேப்பில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

டைம்அவுட்டின் அளவையும் பாருங்கள். டிப்ளாய்மென்ட் முன்னேறவில்லை என்று குபர்நெட்டிஸ் அறிவிக்க இயல்பாக 600 நொடி எடுத்துக்கொள்ளும். ஜென்கின்ஸில் ஐந்து நிமிடம் வைத்திருந்தால், என்ன ஆயிற்று என்று கிளஸ்டர் முடிவு சொல்வதற்கு முன்பே ஜென்கின்ஸ் தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஆறாவது நிமிடத்தில் டிப்ளாய் வெற்றிகரமாக முடிந்திருக்கும். இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வையுங்கள். ஜென்கின்ஸின் எண் பெரியதாக இருக்கட்டும்.

புதிய வெர்ஷன் வந்து, சில நொடியில் பழையதற்கே திரும்புகிறது

ஜென்கின்ஸ்ஃபைலில், கிளஸ்டருக்குக் கட்டளையிடும் குபெக்டில் (kubectl) மூலம் நேரடியாக இமேஜை மாற்றும் ஸ்டேஜ் இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்கோ சிடி வருவதற்கு முன்பு எழுதிய வரி அது. செல்ஃப் ஹீல் இயக்கத்தில் இருந்தால், கிட்டில் இல்லாத எந்த மாற்றத்தையும் ஆர்கோ சிடி சில நொடிகளில் பழைய நிலைக்கு இழுத்துவிடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது. செல்ஃப் ஹீலை அணைப்பது தீர்வாகாது. குபெக்டில் வரியை எடுத்துவிட்டு, ஜென்கின்ஸிடமிருந்து கிளஸ்டர் கிரெடென்ஷியலையும் வாங்கிவிடுங்கள். பில்ட் சர்வரில் புரொடக்‌ஷன் கிளஸ்டரின் சாவி இல்லாமல் இருப்பதே இந்த அமைப்பின் பெரிய லாபம். அதை வைத்துக்கொண்டே இருந்தால் ஆர்கோ சிடி கொண்டுவந்ததன் பயன் பாதியாகிவிடும்.

பாட்களின் எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்கினால் அது வேறு. ஆட்டோஸ்கேலர் ஒரு பக்கம் கூட்டுகிறது, கிட்டில் எழுதியிருக்கும் ரெப்ளிகா எண்ணைப் பார்த்து ஆர்கோ சிடி குறைக்கிறது. ரெப்ளிகா வரியை யாம்லிலிருந்து நீக்கிவிட்டால் சண்டை முடிந்தது.

டிப்ளாய் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் தாமதம்

வெப்ஹுக் வேலை செய்யவில்லை. கிட் சர்வரில் வெப்ஹுக் அனுப்பிய வரலாறு இருக்கும், அங்கே தொடங்குங்கள். அனுப்பியதே போய்ச் சேரவில்லை என்றால் முகவரியும் ஃபயர்வாலும். ஆர்கோ சிடி கேட்கும் முகவரி அதன் டொமைனுக்குப் பின்னால் ஏபிஐ, சாய்கோடு, வெப்ஹுக் என்று முடியும். ஜென்கின்ஸின் வெப்ஹுக் முகவரியை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தால் சரிவராது. போய்ச் சேர்ந்தும் அசையவில்லை என்றால் ரகசியச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். எந்த ரெப்போவில் வெப்ஹுக் வைத்தீர்கள் என்பதையும் பாருங்கள். ஆர்கோ சிடிக்கான வெப்ஹுக் மேனிஃபெஸ்ட் ரெப்போவில் இருக்க வேண்டும், ஆப்பின் ரெப்போவில் வைத்துப் பயனில்லை.

அவசரப்பட்டு எட்டிப் பார்க்கும் இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைக்காதீர்கள். நூறு ஆப்கள் இருந்தால் ரெப்போ சர்வர் மூச்சுத் திணறும். எல்லா ஆப்பும் ஒரே ரெப்போவில் இருந்தால் ஒரு கமிட் வந்தாலே எல்லா ஆப்களின் மேனிஃபெஸ்ட்டும் மறுபடி உருவாக்கப்படும். எந்த ஃபோல்டர் மாறினால் எந்த ஆப்புக்குக் கவலை என்று சொல்லும் அனோட்டேஷன் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆப்ளிகேஷனிலும் அதைப் போட்டுவைத்தால் வெப்ஹுக் வரும்போது வேகம் கண்ணுக்குத் தெரியும்.

ஜென்கின்ஸிலிருந்து ஆர்கோ சிடியைக் கூப்பிட்டால் அனுமதி இல்லை என்கிறது

'அன்ஆதென்டிகேட்டட்' என்றால் டோக்கனே செல்லுபடியாகவில்லை: காலாவதி, அல்லது தவறாக ஒட்டியது. 'பர்மிஷன் டினைட்' என்றால் டோக்கன் சரி, உரிமை இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம். இல்லாத ஆப்பின் பெயரைக் கொடுத்தாலும் இப்போதைய வெர்ஷன்கள் 'பர்மிஷன் டினைட்' என்றே சொல்லும். எந்தெந்தப் பெயரில் ஆப் இருக்கிறது என்று வெளியாள் துழாவிப் பார்க்கக்கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே உரிமைகளைக் குடைவதற்கு முன் ஆப் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

அட்மின் கணக்குக்கு டோக்கன் எடுக்க முயன்றால் இயல்பான அமைப்பில் முடியாது. அதற்கு ஏபிஐ கீ திறன் இல்லை. ஜென்கின்ஸுக்கென்று ஒரு கணக்கு உருவாக்கி, ஏபிஐ கீ திறன் மட்டும் கொடுத்து, தேவையான புராஜெக்டில் ஆப்பைப் பார்க்கவும் சிங்க் செய்யவும் மட்டும் உரிமை கொடுங்கள்.

சான்றிதழ் பிழை வந்தால் சோதனையை அணைக்கும் கொடியைப் போட்டுத் தாண்டாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் சான்றிதழை ஏஜென்ட்டின் நம்பிக்கைப் பட்டியலில் சேருங்கள். ஜென்கின்ஸ் ப்ளகின்கள் ஜாவாவின் பட்டியலைப் பார்க்கும், ஷெல்லில் ஓடும் கட்டளைகள் இயங்குதளத்தின் பட்டியலைப் பார்க்கும். ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. பிரவுசரில் ஆர்கோ சிடி நன்றாகத் திறக்கிறது, கட்டளை மட்டும் தொங்குகிறது என்றால் நடுவில் இருக்கும் பிராக்ஸி எச்டிடிபி 2-ஐ விடவில்லை. ஜிஆர்பிசி வெப் கொடியைச் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

எதிர்த்திசையில், டிப்ளாய் முடிந்ததும் ஆர்கோ சிடி பக்கமிருந்து ஜென்கின்ஸ் ஜாபைத் தூண்டும்போது 403-உம் 'நோ வேலிட் கிரம்ப்' என்ற வரியும் வந்தால், பாஸ்வேர்டோடு கூப்பிடுகிறீர்கள் என்று பொருள். 2019 ஜூலையில் வந்த ஜென்கின்ஸ் 2.176.2 முதல் கிரம்ப் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் குறியீடு) என்பது அந்தந்த செஷனோடு கட்டப்பட்டது. தனியாக எடுத்து வைத்து ஸ்கிரிப்டில் பயன்படுத்த முடியாது. ஏபிஐ டோக்கனோடு கூப்பிட்டால் கிரம்பே தேவையில்லை.

பில்ட் நிற்காமல் தன்னைத்தானே தூண்டுகிறது

கோடும் மேனிஃபெஸ்ட்டும் ஒரே ரெப்போவில் இருக்கின்றன. ஜென்கின்ஸ் போடும் கமிட்டே அடுத்த பில்டைக் கிளப்புகிறது. கமிட் செய்தியில் 'ஸ்கிப் சிஐ' எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் அதை மதிக்கும், ஜென்கின்ஸ் தானாக மதிக்காது. ரெப்போவை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒருமுறை விழுந்த சிங்க் தானாக மறுபடி முயலவில்லை

ஒரே கமிட், ஒரே பாராமீட்டர்களோடு ஒருமுறை தோற்ற சிங்க்கை ஆட்டோ சிங்க் திரும்ப முயலாது. ரெஜிஸ்ட்ரி கிரெடென்ஷியலையோ கோட்டாவையோ வெளியே சரிசெய்துவிட்டு, இனி தானாக வரும் என்று காத்திருந்தால் வராது. கையால் சிங்க் அழுத்துங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் சிங்க் பாலிசியில் ரீட்ரை வரம்பைக் குறிப்பிடுங்கள்.

'ஃபீல்ட் இஸ் இம்மியூட்டபிள்' என்று விழுந்தால், டேட்டாபேஸ் மைக்ரேஷனைச் சாதாரண ஜாபாக வைத்திருக்கிறீர்கள். டேக் மாறியதும் அதே பெயரில் இருக்கும் பழைய ஜாபின் டெம்ப்ளேட்டை மாற்றப் பார்க்கிறது, குபர்நெட்டிஸ் அனுமதிக்காது. அதை ப்ரீ சிங்க் ஹுக்காக (சிங்க்குக்கு முன் ஓடும் வேலை) மாற்றுங்கள். புதியதை உருவாக்கும் முன் பழையதை ஆர்கோ சிடியே அழித்துவிடும்.

ரோல்பேக் அழுத்தினால் முடியாது என்கிறது

ஆட்டோ சிங்க் இயக்கத்தில் இருக்கும் ஆப்பை ஆர்கோ சிடியின் திரையிலிருந்து ரோல்பேக் செய்ய முடியாது. பின்னுக்குப் போனாலும் கிட்டைப் பார்த்து மறுபடி முன்னுக்குத்தான் வரும். மேனிஃபெஸ்ட் ரெப்போவில் அந்த டேக் கமிட்டை ரிவர்ட் செய்து புஷ் செய்யுங்கள், பழைய வெர்ஷன் வந்துவிடும். ஆனால் ஆப் ரெப்போவின் மெயினில் கெட்ட கோடு இன்னும் இருக்கிறது. வேறொருவர் ஒரு சின்னத் திருத்தத்தை மெர்ஜ் செய்தாலும் ஜென்கின்ஸ் புதிய டேக் எழுதி, நீங்கள் பின்னுக்கு இழுத்ததை மறுபடி வெளியே அனுப்பிவிடும். அதனால் ரிவர்ட் செய்த கையோடு ஜென்கின்ஸில் அந்த ஜாபை டிஸேபிள் செய்து, ஆப் ரெப்போவிலும் ரிவர்ட் போன பிறகே திறந்துவிடுங்கள்.